போர்ட் எண்ணை நம்பலாமா? பாக்கெட் பகுப்பாய்வு மென்பொருள் டிகோடரைத் தேர்ந்தெடுக்கும் விதம்

நிரல்களைப் பல கணினிகளில் பகிர்ந்து ஓட்டும் குபர்நெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றில், ஃபிளானல் என்ற நெட்வொர்க் மென்பொருள் வழியாகப் பாட்கள் (ஓடும் நிரல் அலகுகள்) பேசிக்கொள்ளும்போது, லினக்ஸ் நோடின் (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினியின்) நெட்வொர்க் கார்டில், பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டால், யுடிபி 8472 போர்ட்டுக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டின் அருகிலும் 'ஓடிவி, ஓவர்லே 0, இன்ஸ்டன்ஸ் 1' என்ற வரி வந்துகொண்டே இருக்கும். ஓடிவி என்பது தொலைவில் உள்ள தரவு மையங்களை ஒரே லேயர்-2 நெட்வொர்க்காக இணைப்பதற்குச் சிஸ்கோ உருவாக்கிய தொழில்நுட்பம். அந்தக் கிளஸ்டரில் ஓடிவி எங்கும் அமைக்கப்பட்டிருக்காது. அங்கே உண்மையில் போய்க்கொண்டிருப்பது, ஈதர்நெட் ஃபிரேம்களை யுடிபி பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பும் விஎக்ஸ்லான்.

இந்தப் பெயர் மாற்றத்துக்குக் காரணம் ஒரு காலவரிசைப் பிசகு. லினக்ஸ் கெர்னலில் விஎக்ஸ்லான் இடம்பெற்றது 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில். அப்போது விஎக்ஸ்லானுக்கென்று அதிகாரப்பூர்வமான போர்ட் எண் எதுவும் இல்லாததால், கெர்னல் 8472ஐ எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் இணைய எண்களை ஒதுக்கும் அமைப்பான ஐயானா, விஎக்ஸ்லானுக்கு 4789ஐ வழங்கியது. 2014 ஆகஸ்ட்டில் வெளிவந்த ஆர்எஃப்சி 7348 (ஆர்எஃப்சி என்பது இணையத்தின் தொழில்நுட்ப ஆவண வரிசை) அதைப் பதிவு செய்தது. பழைய நிறுவல்கள் பழுதாகிவிடக் கூடாது என்பதற்காக லினக்ஸ் தன் இயல்புநிலை எண்ணை மாற்றவில்லை, ஃபிளானலும் அதையே பின்பற்றுகிறது. ஐயானாவின் பதிவேட்டிலோ 8472 ஓடிவிக்கு உரியது. டிசிபிடம்ப் பதிவேட்டின்படி நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, தவறான டிகோடர், அதாவது நெறிமுறையைப் படிக்கும் நிரல்பகுதி, எந்தப் பிழையும் காட்டாமல் வேலை செய்து முடிக்கிறது என்பது. விஎக்ஸ்லானின் தலைப்பகுதி 8 பைட் நீளமுள்ளது: முதல் பைட்டில் கொடிகள், அடுத்த மூன்று பைட்டுகள் ஒதுக்கி வைக்கப்பட்டவை, அதற்கடுத்த மூன்று பைட்டுகளில் நெட்வொர்க் அடையாள எண், கடைசி பைட் மீண்டும் ஒதுக்கப்பட்டது. ஓடிவியின் தலைப்பகுதியும் அதே 8 பைட்தான். கொடிகளும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. விஎக்ஸ்லான் காலியாக விட்டுவைத்த மூன்று பைட்டுகளில் ஓவர்லே எண்ணும், நெட்வொர்க் அடையாள எண் இருக்கும் இடத்தில் இன்ஸ்டன்ஸ் எண்ணும் அமைகின்றன. லினக்ஸில் ஃபிளானலின் இயல்புநிலை அடையாள எண் 1. ஆகவேதான் 'ஓவர்லே 0, இன்ஸ்டன்ஸ் 1' என்று அத்தனை ஒழுங்காக வருகிறது. உள்ளே இருக்கும் ஈதர்நெட் ஃபிரேமும் சரியாகவே பிரிக்கப்படும். பெயர் மட்டும் தவறு. 'T' என்ற பேரெழுத்துச் சுவிட்சைக் கொடுத்து அதன் பின் விஎக்ஸ்லான் என்று எழுதினால், டிசிபிடம்ப் போர்ட் எண்ணைப் புறக்கணித்துவிட்டு நாம் சொன்னபடி படிக்கும்.

பாக்கெட் பகுப்பாய்வு மென்பொருள் திரையில் காட்டும் நெறிமுறைப் பெயர், பாக்கெட்டிலிருந்து அப்படியே எடுக்கப்பட்ட தகவல் அன்று. மென்பொருள் செய்துகொண்ட ஓர் ஊகத்தின் விளைவு. அந்த ஊகம் எந்தப் படியில் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் அமைப்புகளில் கைவைப்பவர், ஒரு தவறை நீக்கி இன்னொன்றை நுழைத்துவிடும் வாய்ப்பே அதிகம். வயர்ஷார்க்கை மையமாக வைத்து அந்தப் படிகளை இங்கே பார்க்கலாம். ஜெரால்டு கோம்ப்ஸ் 1998இல் ஈதீரியல் என்ற பெயரில் வெளியிட்டு, 2006இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறிய இந்த மென்பொருள் இன்று 3000க்கும் மேற்பட்ட நெறிமுறைகளைப் படிக்கிறது. ஒரே போர்ட்டுக்குப் பலர் உரிமை கோருவதற்கு இந்த எண்ணிக்கையே போதும்.

கீழ் அடுக்குகளில் ஊகத்துக்கு இடமே இல்லை. ஈதர்நெட் தலைப்பகுதியில் வகை எண் ஒன்று இருக்கிறது. பதினறும முறையில் அது 0800 என்றால் ஐபி பதிப்பு 4, 0806 என்றால் ஏஆர்பி. ஐபி தலைப்பகுதியிலும் அப்படியே ஒரு புலம் உண்டு. 6 என்றால் டிசிபி, 17 என்றால் யுடிபி, 1 என்றால் ஐசிஎம்பி. அனுப்பும் கணினியே 'அடுத்து வருவது இன்னது' என்று எழுதி அனுப்புகிறது, பெறும் கணினி அதைப் பார்த்துத்தான் பாக்கெட்டைப் பிரிக்கிறது. டிசிபிக்கும் யுடிபிக்கும் மேலே வந்தவுடன் இந்த வசதி நின்றுவிடுகிறது. அங்கே இருப்பவை இரண்டு போர்ட் எண்கள் மட்டுமே. பெறும் கணினியில் எந்த நிரலிடம் தரவைச் சேர்ப்பது என்பதைத்தான் அவை சொல்கின்றன. அந்த நிரல் என்ன மொழி பேசுகிறது என்பதைச் சொல்வதில்லை. சேவையகமும் கிளையன்ட்டும் தங்களுக்குள் முன்பே ஒத்துக்கொண்டிருப்பதால் அவற்றுக்கு இது குறையே அன்று. நடுவில் நின்று கேட்பவருக்குத்தான் சிக்கல்.

அந்த இடைவெளியை நிரப்புவது மரபு. நீண்ட காலம் ஜான் போஸ்டல் பராமரித்த ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் 1994இல் ஆர்எஃப்சி 1700ஆக கடைசி முறையாக ஆவண வடிவில் வந்தன; பின்னர் அவை இணையத் தரவுத்தளமாகிவிட்டன. 2011இல் வந்த ஆர்எஃப்சி 6335 எண்களை மூன்றாக வகுக்கிறது: 0 முதல் 1023 வரை அமைப்பு எண்கள், 1024 முதல் 49151 வரை பயனர் எண்கள், அதற்கு மேல் 65535 வரை யாருக்கும் ஒதுக்கப்படாத தற்காலிக எண்கள். தொலைநிலை உள்நுழைவுக்கான எஸ்எஸ்எச்சுக்கு 22 கிடைத்த கதை இந்த மரபின் தன்மையை நன்றாகக் காட்டும். 1995 ஜூலையில் அதை உருவாக்கிய டாட்டு யுலோனென், கோப்புகளை அனுப்பும் எஃப்டிபியின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் இடையில் காலியாக இருந்த எண்ணைக் கேட்டு ஐயானாவுக்கு மின்னஞ்சல் எழுதினார், எண் வழங்கப்பட்டது. மனிதர்களிடையே ஏற்பட்ட உடன்பாடு அது. எஸ்எஸ்எச்சை 2222இலும் எச்டிடிபியை 8000இலும் நடத்துவதைத் தடுக்கும் தொழில்நுட்ப விதி எதுவும் இல்லை, நடத்துபவர்களும் ஏராளம்.

இனி வயர்ஷார்க்கின் முடிவெடுக்கும் வரிசைக்கு வருவோம். ஒவ்வொரு நெறிமுறையையும் படிக்கும் நிரல்பகுதியை வயர்ஷார்க்கில் டிசெக்டர் என்பார்கள்; பொதுவாக டிகோடர் என்றால் அதுவே. ஒவ்வொரு டிகோடரும் தொடக்கத்தில் 'நான் இந்த போர்ட்டுக்கு' என்று ஓர் அட்டவணையில் தன்னைப் பதிவு செய்துகொள்கிறது. டிசிபிக்கு ஓர் அட்டவணை, யுடிபிக்கு ஓர் அட்டவணை. ஆனால் ஒரு பாக்கெட் வந்தவுடன் அட்டவணைதான் முதலில் பார்க்கப்படுகிறது என்று நினைப்பது தவறு. அந்த இணைப்புக்கு, அதாவது இரு முகவரிகளும் இரு போர்ட்டுகளும் சேர்ந்த அந்த உரையாடலுக்கு, ஏற்கெனவே ஒரு டிகோடர் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதே முதல் கேள்வி. இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது.

இந்த உரையாடல் ஒதுக்கீடு எப்படி உருவாகிறது என்பதற்கு எஃப்டிபி நல்ல எடுத்துக்காட்டு. கட்டளைகள் 21ஆம் போர்ட்டில் போகும். கோப்பு வேறொரு போர்ட்டில் வரும். அது எந்த போர்ட் என்பதைச் சேவையகம் 227 என்று தொடங்கும் பதிலில் சொல்லும். அந்தப் பதிலில் அடைப்புக்குறிக்குள் 192,168,1,10,195,80 என்று இருந்தால் முதல் நான்கும் ஐபி முகவரி. கடைசி இரண்டில் முந்தையதை 256ஆல் பெருக்கிப் பிந்தையதைக் கூட்ட வேண்டும். 195 பெருக்கல் 256 என்பது 49920. அதோடு 80 சேர்த்தால் 50000. வயர்ஷார்க்கின் எஃப்டிபி டிகோடர் இந்தக் கணக்கைப் போட்டு, 'இந்த முகவரியின் 50000க்கு வரப்போகும் இணைப்பு எஃப்டிபி தரவு' என்று முன்கூட்டியே குறித்து வைத்துவிடுகிறது. 50000 எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும் சரியாகப் படிக்க முடிவது இதனால்தான். இணையத் தொலைபேசிக்கான எஸ்ஐபி அழைப்புகளில் எஸ்டிபி பகுதி குரல் ஓடையின் போர்ட்டை அறிவிப்பதும், 69இல் தொடங்கும் டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற நெறிமுறை உடனே புதிய போர்ட்டுக்கு மாறுவதும் இதே வழியில்தான் பிடிக்கப்படுகின்றன.

இதன் மறுபக்கம்தான் பலரைத் திகைக்க வைக்கிறது. கேப்சர், அதாவது பாக்கெட்டுகளைப் பிடித்துப் பதிவு செய்வது, தொடங்குவதற்கு முன்பே அந்த அறிவிப்பு போய்விட்டாலோ, அழைப்புச் சமிக்ஞை வேறொரு பாதையில் சென்றாலோ, சமிக்ஞை குறியாக்கம் செய்யப்பட்டிருந்தாலோ, குரல் ஓடை வெறும் 'யுடிபி தரவு' என்றே தெரியும். மென்பொருளில் எந்தக் கோளாறும் இல்லை. முடிவெடுக்கத் தேவையான பாக்கெட் நம் கோப்பில் இல்லை. இப்படிப்பட்ட கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அமைப்புகளைத் துழாவுவதைவிட, சற்று முன்னதாகவே தொடங்கி மீண்டும் ஒருமுறை கேப்சர் எடுக்க வழியுண்டா என்று பார்ப்பது நல்லது.

உரையாடல் ஒதுக்கீடு இல்லாதபோது போர்ட் அட்டவணை வருகிறது. பாக்கெட்டில் இரண்டு போர்ட்டுகள் இருக்கின்றன, எதை எடுப்பது? டிசிபியில் இணைப்பின் முதல் 'சின்' பாக்கெட் கிடைத்திருந்தால் சேவையகம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அந்த போர்ட் முதலில் தேடப்படும். பின்னர் இரண்டில் சிறிய எண், அதன் பின் பெரிய எண். சிறிய எண்ணே அறியப்பட்ட சேவையாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதும், இரு திசைப் பாக்கெட்டுகளுக்கும் ஒரே டிகோடர் அமைய வேண்டும் என்பதும் இந்த ஏற்பாட்டின் நோக்கம். நியாயமான விதிதான். ஆனாலும் விதிதானே தவிர உத்தரவாதம் இல்லை.

எங்கே தவறும் என்று பார்த்தால், லினக்ஸ் தன் கிளையன்ட் இணைப்புகளுக்குத் தற்காலிக எண்களை இயல்பாக 32768 முதல் 60999 வரையிலிருந்து எடுக்கிறது. ஆர்எஃப்சி 6335 சொல்லும் 49152 என்ற எல்லையை அது பின்பற்றுவதில்லை. தொழிற்சாலைக் கருவிகள் பேசும் ஈதர்நெட்-ஐபியின் 44818, கட்டடக் கட்டுப்பாட்டுக்கான பேக்நெட்டின் 47808 ஆகிய பதிவு பெற்ற எண்கள் லினக்ஸின் அந்த வீச்சுக்குள்ளேயே விழுகின்றன. உங்கள் நிறுவனத்தின் சொந்தச் சேவை ஒன்று எந்தப் பட்டியலிலும் இல்லாத போர்ட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்லாயிரம் இணைப்புகளில் எப்போதாவது ஒன்றுக்குக் கிளையன்ட் பக்கம் 44818 அமைந்துவிடும். சேவையக போர்ட்டுக்கு டிகோடர் இல்லாததால் தேடல் அடுத்த எண்ணுக்குப் போகிறது. அலுவலக நெட்வொர்க்கில் தொழிற்சாலை நெறிமுறை முளைக்கிறது. நன்றாக எழுதப்பட்ட டிகோடர் முதல் சில பைட்டுகளைச் சோதித்து 'இது என்னுடையது இல்லை' என்று திருப்பிக் கொடுத்துவிடும், தேடல் தொடரும். அப்படிச் சோதிக்காதவை கையில் கிடைத்ததை எல்லாம் படித்துத் தள்ளும். பாதுகாப்புக் குழுவுக்குப் போகும் அறிக்கையில் இப்படியொரு வரி இருந்தால் அதற்காகச் செலவாகும் நேரத்தை நினைத்துப் பாருங்கள்.

அட்டவணையும் கைகொடுக்காதபோதுதான் மூன்றாவது வழி: உள்ளடக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது. ஹியூரிஸ்டிக் டிகோடர்கள் என்று அழைக்கப்படும் இவை வரிசையாக அழைக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லும். இவற்றின் தரம் நெறிமுறையைப் பொறுத்தது. இணைப்பைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ்ஸின் முதல் பாக்கெட் பதினறும முறையில் பெரும்பாலும் 16 03 01 என்று தொடங்கும்: 16 என்பது கைகுலுக்கல் பதிவு, 03 01 பதிப்பு எண். நீளத்துக்கான இரண்டு பைட்டுகளைத் தாண்டினால், கிளையன்ட் வணக்கத்தைக் குறிக்கும் 01. இத்தனையும் தற்செயலாகப் பொருந்துவது அரிது. ஆகவே டிஎல்எஸ் எந்த போர்ட்டில் இருந்தாலும் முதல் பாக்கெட் கிடைத்தால் பிடித்துவிடலாம். குரல் ஓடைகளைச் சுமக்கும் ஆர்டிபியின் நிலை வேறு. அதில் உறுதியாகச் சொல்லக்கூடியது முதல் இரண்டு பிட்களில் இருக்கும் பதிப்பு எண் 2 மட்டுமே. தாறுமாறான தரவில்கூட நான்கில் ஒரு பைட் அந்தச் சோதனையில் தேறிவிடும். யுடிபி மீதான ஆர்டிபி ஹியூரிஸ்டிக்கை வயர்ஷார்க் இயல்பாக அணைத்தே வைத்திருப்பது இந்தக் காரணத்தால்தான், அது சரியான முடிவும்கூட.

படிகள் இவ்வளவுதான். எந்தப் படியை எந்த அமைப்பு மாற்றுகிறது என்பதே அடுத்த கேள்வி.

'எடிட்' மெனுவில் உள்ள 'பிரிஃபரன்சஸ்' பகுதியில் 'புரோட்டோகால்ஸ்' என்ற தலைப்பின் கீழ் ஒவ்வொரு நெறிமுறைக்கும் போர்ட் பட்டியல் இருக்கும். எச்டிடிபிக்குரிய பட்டியலைத் திறந்தால் 80, 8080 ஆகியவற்றோடு ஸ்க்விட் பிராக்சியின் 3128, விண்டோஸ் தொலைநிலை நிர்வாகத்தின் 5985, பிஜிபி சாவிச் சேவையகங்களின் 11371 ஆகியவையும் இருப்பதைக் காணலாம். டிஎல்எஸ் மீதான எச்டிடிபிக்குத் தனிப் பட்டியல் உண்டு. உங்கள் நிறுவனத்தில் நிரந்தரமாக ஒரு சேவை வழக்கத்துக்கு மாறான போர்ட்டில் ஓடுகிறது என்றால் மாற்ற வேண்டிய இடம் இது. பட்டியலில் ஓர் எண்ணைச் சேர்க்கலாம், காற்புள்ளியிட்டுப் பலவற்றைச் சேர்க்கலாம், இடையில் கோடிட்டு வீச்சும் கொடுக்கலாம்.

வீச்சு கொடுக்கும்போது நிதானம் தேவை. ஆஸ்டரிஸ்க் தொலைபேசிச் சேவையகம் குரலுக்கு வழக்கமாக 10000 முதல் 20000 வரை பயன்படுத்துவதால், அந்த வீச்சு முழுவதையும் ஆர்டிபிக்கு எழுதிக் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆனால் அதே வீச்சின் ஒற்றைப்படை எண்களில் வழக்கமாக ஆர்டிசிபி கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகள் போகின்றன. ஆர்டிசிபியின் அனுப்புநர் அறிக்கைக்கு இரண்டாவது பைட்டில் வகை எண் 200. அதையே ஆர்டிபியாகப் படித்தால் மேல் பிட் 'மார்க்கர்' ஆகிவிடும். 200இலிருந்து 128 போக மிஞ்சும் 72 பேலோடு வகையாகிவிடும். இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே ஆர்எஃப்சி 3551 பேலோடு வகைகளில் 72 முதல் 76 வரை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறது. திரையில் பேலோடு வகை 72 என்று கண்டால், ஓடையைக் குறை சொல்வதற்கு முன் உங்கள் போர்ட் அமைப்பைத் திறந்து பாருங்கள்.

இரண்டாவது அமைப்பு 'அனலைஸ்' மெனுவில் உள்ள 'டிகோட் ஆஸ்'. பாக்கெட்டின் மீது வலது சொடுக்கு செய்தும் இதை அடையலாம். அதில் வரும் வரி ஒவ்வொன்றும் நேரடியான ஆணை: எந்தப் புலம், என்ன மதிப்பு, இயல்பாக எந்த டிகோடர், இப்போது எது. டிசிபி போர்ட் 9000, இயல்பாக ஒன்றுமில்லை, இப்போது எச்டிடிபி என்பது போல. 'இப்போது' என்ற பத்தியில் ஒன்றுமில்லை என்று வைத்து, தொல்லை தரும் ஒரு டிகோடரை அந்த போர்ட்டிலிருந்து விலக்கவும் முடியும். முந்தைய 44818 சிக்கலுக்கு அதுவே எளிய மருந்து. 'ஓகே' மட்டும் அழுத்தினால் ஆணை அந்த அமர்வோடு போய்விடும். 'சேவ்' அழுத்தினால் கோப்பில் எழுதப்பட்டு அடுத்த முறையும் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் இரண்டு விதமாக அல்லல்படுகிறார்கள்: நேற்று சரியாக இருந்தது இன்று ஏன் இல்லை என்று சிலர், போன வருடம் ஏதோ ஒரு கோப்புக்காகச் சேமித்த ஆணை இன்றைய கோப்பைக் குலைப்பது தெரியாமல் சிலர்.

டிகோட் ஆஸ் ஆணை போர்ட்டைப் பொறுத்தது, இணைப்பைப் பொறுத்தது அன்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓர் இணைப்பைத் தேர்ந்தெடுத்து அதன் மீது சொடுக்கியிருந்தாலும், அந்த போர்ட் எண் கோப்பில் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் ஆணை பாயும். இரண்டு சேவையகங்கள் ஒரே எண்ணில் வெவ்வேறு நெறிமுறை பேசினால் இரண்டையும் ஒரே ஆணையால் தீர்க்க முடியாது. அப்போது கோப்பை முகவரிவாரியாகப் பிரித்துத் தனித்தனியே திறப்பதே தெளிவான வழி என்பது என் கருத்து. வயர்ஷார்க்கின் கட்டளை வரி வடிவமான டி-ஷார்க்கில் இதே வேலையை 'd' என்ற சிற்றெழுத்துச் சுவிட்சு செய்கிறது. அட்டவணையின் பெயர், இரட்டைச் சமக்குறி, எண், காற்புள்ளி, நெறிமுறையின் பெயர் என்ற வரிசையில் எழுத வேண்டும்; எண்ணுக்குப் பதில் 8888-8890 என்று வீச்சும் தரலாம். பல கோப்புகளை ஒரே சீராகப் படிக்க வேண்டியபோது, சேமித்த அமைப்பை நம்புவதைவிடக் கட்டளையிலேயே எழுதிவிடுவது பாதுகாப்பானது. என்ன ஆணையின் கீழ் அந்த முடிவு வந்தது என்பது ஸ்கிரிப்டிலேயே பதிவாகிவிடும்.

மூன்றாவது, அதே 'அனலைஸ்' மெனுவின் 'எனேபிள்டு புரோட்டோகால்ஸ்'. நெறிமுறைகளையும் ஹியூரிஸ்டிக் டிகோடர்களையும் தனித்தனியே இயக்கவும் அணைக்கவும் இங்கே முடியும். சமிக்ஞை இல்லாத குரல் கோப்பைப் படிக்க ஆர்டிபி ஹியூரிஸ்டிக்கை இங்கேதான் இயக்க வேண்டும். போர்ட் வீச்சைக் கைப்பட எழுதுவதைவிட இது மேல். வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது நல்லது. டிசிபிக்கும் யுடிபிக்கும் 'ஹியூரிஸ்டிக்கை முதலில் முயல்' என்ற விருப்பமும் பிரிஃபரன்சஸில் உண்டு. அதை இயக்கினால் போர்ட் அட்டவணைக்கு முன்பே உள்ளடக்கச் சோதனை நடக்கும். 443இல் எஸ்எஸ்எச்சையும் வெவ்வேறு விபிஎன்களையும் சேர்த்து ஓடவிட்டிருக்கும் இடங்களில் இது உதவும். ஆயினும் தளர்வான சோதனை கொண்ட ஏதோ ஒரு ஹியூரிஸ்டிக், முறைப்படி பதிவு பெற்ற போர்ட்டின் பாக்கெட்டைப் பறித்துக்கொள்ளும் ஆபத்தும் கூடவே வருகிறது. எப்போதும் இயக்கி வைக்க வேண்டிய விருப்பம் அன்று அது.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று, போர்ட்டுக்குப் பெயர் காட்டும் வசதி. பெயர்த் தீர்வை இயக்கினால் 80க்குப் பதில் எச்டிடிபி என்று போர்ட்டின் இடத்திலேயே பெயர் தோன்றும். பதிவேட்டிலிருந்து எடுத்த வெறும் முத்திரை அது. எந்த டிகோடர் படித்தது என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

தவறான பொருத்தத்தின் உண்மையான விலை திரைத் தோற்றத்தில் இல்லை. வடிகட்டிகளிலும் புள்ளிவிவரங்களிலும் இருக்கிறது. காட்சி வடிகட்டியில் எச்டிடிபி என்று எழுதினால், எச்டிடிபியாகப் படிக்கப்பட்ட பாக்கெட்டுகள் மட்டுமே வரும். பட்டியலில் இல்லாத போர்ட்டில் ஏற்கெனவே திறந்திருந்த நீண்ட இணைப்பின் நடுவில் கேப்சர் தொடங்கியிருந்தால், ஹியூரிஸ்டிக் தேடும் தொடக்க வரி கிடைக்காமல் அந்தப் போக்குவரத்தின் ஒரு பகுதி வடிகட்டிக்கு வெளியே நின்றுவிடலாம். 'எச்டிடிபி இல்லை' என்று அறிக்கை எழுதுபவர், 'எச்டிடிபியாக அடையாளம் காணப்பட்டது இல்லை' என்பதைத்தான் உண்மையில் கண்டிருக்கிறார். 'மால்ஃபார்ம்டு' என்று சிவப்பில் வரும் எச்சரிக்கையாவது நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. அமைதியாக விடுபட்டதும், ஓடிவியைப் போல் பொருந்திவந்த தவறும் அப்படி நிறுத்துவதில்லை. ஆகவே எந்தக் கோப்பைத் திறந்தாலும் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' மெனுவின் நெறிமுறைப் படிநிலையை முதலில் பார்த்து, வெறும் 'டேட்டா' என்று எவ்வளவு கிடக்கிறது, அந்த நெட்வொர்க்கில் இருக்கவே கூடாத பெயர் ஏதேனும் உண்டா என்று சரிபார்ப்பது அவசியமான பழக்கம்.

போர்ட்டை எவ்வளவு சரியாக அமைத்தாலும் தீராத சில நிலைமைகள் உண்டு. மின்னஞ்சல் 587ஆம் போர்ட்டில் சாதாரண எஸ்எம்டிபியாகத் தொடங்கி, ஸ்டார்ட்-டிஎல்எஸ் கட்டளைக்குப் பின் அதே இணைப்பிலேயே டிஎல்எஸ் ஆகிறது. எச்டிடிபி 101 என்ற பதிலோடு வெப்சாக்கெட்டாக மாறுகிறது. இவற்றை அந்தந்த டிகோடர்களே உரையாடலைக் கைமாற்றிக் கவனித்துக்கொள்கின்றன. நாம் 587ஐ டிஎல்எஸ் என்று டிகோட் ஆஸில் கட்டாயப்படுத்தினால் முதல் பகுதியைக் கெடுத்துவிடுவோம். டிஎல்எஸ்ஸுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தனிக் கேள்வி. சாவிக் கோப்பு கொடுத்துக் குறியாக்கத்தை நீக்கிய பின், கைகுலுக்கலில் ஏஎல்பிஎன் நீட்சி அறிவித்த பெயரை வைத்து எச்டிடிபி 2 போன்றவை கண்டறியப்படுகின்றன. அந்த அறிவிப்பு இல்லாத சொந்தச் சேவைகளுக்கு, டிகோட் ஆஸில் டிசிபி போர்ட்டுக்கு அல்லாமல் டிஎல்எஸ் போர்ட் என்ற புலத்துக்கு ஆணை எழுத வேண்டும். டிசிபி போர்ட்டுக்கு எழுதினால் வெளி உறையே பிரிக்கப்படாமல் குறியாக்க பைட்டுகள் நேராக எச்டிடிபி டிகோடருக்குப் போய்ச் சேரும்.

ஊடுருவலைக் கண்காணிக்கும் மென்பொருள்களில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது, ஏனென்றால் அங்கே போர்ட்டைத் தேர்ந்தெடுப்பவர் தாக்குபவராகவும் இருக்கலாம். வெர்ன் பாக்ஸன் 1990களில் உருவாக்கி, 2018இல் ப்ரோ என்ற பெயரிலிருந்து மாறிய ஜீக், 2006இலேயே இதற்கு ஒரு விடை தந்தது: உள்ளடக்க அடையாளங்களை வைத்துப் பல பகுப்பாய்விகளை ஒரே இணைப்பில் இணையாக ஓடவிட்டு, தரவு ஒத்துவராதவற்றை விலக்கிவிடுவது. அதன் இணைப்புப் பதிவில் 'சர்வீஸ்' என்ற பத்தி, போர்ட் எண்ணைப் பார்த்து நிரப்பப்படுவதில்லை. பகுப்பாய்வி உறுதி செய்த பிறகே நிரப்பப்படுகிறது. அந்தப் பத்தி காலியாக இருப்பதே ஒரு தகவல். சுரிகாட்டாவும் பெரும்பாலும் முதல் பைட்டுகளின் அமைப்பைக் கொண்டே நெறிமுறையைக் கண்டறிகிறது. ஆனால் தெளிவான தொடக்க அடையாளம் இல்லாத நெறிமுறைகளுக்கு அதன் அமைப்புக் கோப்பில் 'டிடெக்ஷன் போர்ட்ஸ்' என்று எண் கொடுக்கப்பட்டிருக்கும்: டிஎன்எஸ்ஸுக்கு 53, தொழிற்சாலைக் கருவிகள் பேசும் மாட்பஸுக்கு 502 என்பது போல. மாட்பஸ் இயல்புநிலைக் கோப்பில் அணைக்கப்பட்டே வருகிறது. ஆலையில் நுழைவாயில் கருவி ஒன்று 502ஐ 1502ஆக மாற்றி அனுப்புகிறது என்றால், அதை இயக்குவதோடு எண்ணையும் சேர்த்தால் ஒழிய மாட்பஸ் விதிகள் எதுவும் செயல்படா. எச்சரிக்கை வராததை நலம் என்று எடுத்துக்கொள்ளும் இடம் அது என்பதால், வயர்ஷார்க்கில் நேரும் தவறைவிட இதன் பாதிப்பு பெரிது.

வயர்ஷார்க்கில் இந்த அமைப்புகள் அனைத்தும் புரொஃபைல் ஒன்றுக்குள் சேமிக்கப்படுகின்றன. இயல்புநிலைப் புரொஃபைலில் எதையும் மாற்றாமல், தொலைபேசிப் பணிக்கு ஒன்று, கிளஸ்டர் பணிக்கு ஒன்று, ஆலைக்கு ஒன்று என்று தனித்தனியே வைத்துக்கொண்டால், ஓர் இடத்துக்குரிய ஆணை இன்னோர் இடத்தில் தலையிடாது. சந்தேகம் வரும்போது இயல்புநிலைக்கு மாறி அதே கோப்பைப் பார்த்து, வேறுபாடு நம் அமைப்பால் வந்ததா பாக்கெட்டிலேயே இருக்கிறதா என்று உடனே பிரித்தறியலாம். 2024இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து, வடிகட்டி ஒன்றைக் கொடுத்துவைத்தால் திறக்கும் கோப்புக்கேற்பப் புரொஃபைலைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது.

கேப்சர் கோப்பில் இந்த ஆணைகள் எதுவும் ஏறுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. நீங்கள் ஆய்வு செய்து 'பாக்கெட் 412இல் எச்டிடிபி பிழை' என்று எழுதி அனுப்பும் கோப்பை, பெறுபவர் தன் கணினியில் திறந்தால் அங்கே வெறும் டிசிபி தரவைக் காணலாம். கோப்போடு புரொஃபைலையும் ஸிப்பாக ஏற்றுமதி செய்து அனுப்புங்கள். அது முடியாவிட்டால் எந்த போர்ட்டை எந்த நெறிமுறையாகப் படித்தீர்கள், எந்த ஹியூரிஸ்டிக்கை இயக்கியிருந்தீர்கள், எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினீர்கள் என்பதை அறிக்கையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.